அண்ணி எடுத்த ரத்தம்

அண்ணிக்குக் கை முந்தும், வாய் பிந்தும். சில நாள் வாய் வரவே வராது. கை மட்டும் வந்துவிட்டுப் போகும். எதற்கு அடி வாங்கினோம் என்று நாமே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

என் பெரியண்ணனின் மனைவி. எங்கள் வீட்டுக்கு அவள் வாழ வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வந்த வாரத்திலேயே என்னைப் பிடித்து முன்னால் உட்கார வைத்துத் தலையில் பேன் பார்த்தாள். அசைந்தால் குட்டு, அசையாவிட்டாலும் குட்டு. அதனால் அவளை ‘வந்தார், போனார்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. யாரோ தாசில்தார் அம்மாவைப் பற்றிச் சொல்வது போல இருக்கிறது. அவள் என்றே இருக்கட்டும்.

எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது விருத்தாசலம் செராமிக் பேட்டைதான். அப்பா சூளையில் நெருப்பு பார்த்தார். பெரியண்ணனும் நடு அண்ணனும் அதே வேலைக்குப் போனார்கள். கடைக்குட்டியான நான் சூளைப் பக்கம் போகவில்லை. பீங்கான் சாமான்களை வைக்கோலில் பொதிந்து லாரி ஏற்றுகிற வேலை எனக்கு. அண்ணி பொம்மைப் பட்டறையில் இருந்தாள். பிளாஸ்டர் அச்சுக்குள் கரைத்த மண்ணை ஊற்றி, இறுகியதும் அச்சைப் பிரித்துப் பொம்மையை எடுக்க வேண்டும். கொலு வரும் சமயத்தில் தலைக்கு மேல் வேலை இருக்கும்.

அந்தப் பட்டறையில் ஒரு சூப்பர்வைசர் இருந்தான். வேலையைப் பார்க்கிற சாக்கில் சின்னப் பெண்களின் இடுப்பில் கை வைப்பான். ஒரு நாள் அண்ணி கண்ணில் பட்டுவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாளி மண்கரைசலைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்தாள். அவன் கண்ணைத் திறப்பதற்குள் அச்சு ஒன்றை எடுத்துக் கால் விரலில் போட்டாள். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அச்சு அது. அவன் அலறியது என் லாரி வரைக்கும் கேட்டது. அண்ணிக்கு வேலை போய்விட்டது, அதற்கப்புறம் வீட்டு வாசலிலேயே அச்சு வைத்துப் பொம்மை ஊற்றினாள். “ஏன் அண்ணி, வாயால சொன்னா ஆவாதா?” என்று கேட்டேன்.

“வாயால சொன்னா அவன் காதுல வாங்குவான். இப்ப கால்ல வாங்கிக்கிட்டான். போடா” என்றாள்.

இன்னொரு தடவை ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஒருவன் அவள் மேல் சாய்ந்து சாய்ந்து நின்றான். டிபன் கேரியரால் போட்டாள் ஒரு போடு. அவன் மூக்கும் உடைந்தது, கேரியரும் உடைந்தது, பக்கத்தில் இருந்தவர்கள் மேலெல்லாம் மீன்குழம்பு. “ஐயோ, சட்டை பாழாப்போச்சே, மன்னிச்சுக்குங்க” என்று ஒவ்வொருத்தராகப் பார்த்து முந்தானையால் துடைத்துவிட்டாள். மூக்கு உடைந்தவன் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வீட்டில் வளர்ந்தது சிரிப்பாக இல்லை. பெரியண்ணன் குடித்துவிட்டு வந்து அவளை அடிப்பார். அவள் வாங்கிக்கொண்டு மூலையில் உட்காருகிற ரகமில்லை, திருப்பிக் கொடுப்பாள். விறகுக் கட்டை பறக்கும், சட்டி உடையும், தெரு கூடி வேடிக்கை பார்க்கும். விடிந்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு வீக்கத்தோடு ஒன்றாக உட்கார்ந்து டீ குடிப்பார்கள். எனக்கு இன்றைக்கும் எங்காவது பாத்திரம் விழுந்தால் நெஞ்சு திக்கென்கிறது.

சூளைக்காரர்களுக்கு எல்லா நோயும் சூடுதான். கண் எரிந்தால் சூடு, வயிறு வலித்தால் சூடு. ஒன்றுக்குப் போக நேரமானாலோ, நின்று நின்று வந்தாலோ சொல்லவே வேண்டாம். காலின் பெருவிரலில் சுண்ணாம்பு வைப்பார்கள், தொப்புளில் விளக்கெண்ணெய் தடவுவார்கள், மோரில் வெந்தயத்தைப் போட்டுக் குடிப்பார்கள். “சூளைக்காரன் மூத்திரம் சொல்லிட்டுதான் வரும்” என்று அவர்களே சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். எங்கள் அப்பா இடுப்பு வலியில் கிடந்து, கால் இரண்டும் வராமல் போய்ச் செத்தார். சூடு எலும்பில் இறங்கிவிட்டது என்றார்கள். நாங்களும் நம்பினோம். நெருப்பு முன்னால் வாழ்நாள் முழுக்க நின்றவருக்கு வேறென்ன வரும்?

பெரியண்ணனுக்கும் இடுப்பு வலி வந்தது. அண்ணிதான் சுண்ணாம்பு வைத்தாள், எண்ணெய் தடவினாள். ஒரு வைத்தியர் கொடுத்த பொடியை மாதக்கணக்கில் பாலில் கலந்து ஊட்டினாள். ஒரு காலையில் பெரியண்ணன் எழுந்திருக்கப் பார்த்தார், கால்கள் வரவில்லை. வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா. மூத்திரப்பைக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவுக்கு ஆண்களுக்கு ஒரு சுரப்பி இருக்கிறது, புராஸ்டேட் என்று பேர், அதில் புற்றுநோய் வந்து முதுகெலும்புக்குப் போய்விட்டது என்றார். முற்றிப் போனதால் நோய்க்குத் தீனி போடுகிற விதை இரண்டையும் எடுத்தாக வேண்டும் என்றார். எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து விஷயம் தெரிந்ததும் பெரியண்ணன் வார்டே அதிரக் கத்தினார். “என்னைய மாட்டைக் காயடிக்கிற மாதிரி அடிச்சிட்டீங்களேடா!”

டாக்டரம்மா அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டார். நான் கூட நின்றேன்.

“உங்க மாமனாரு எதுலம்மா இறந்தாரு?”

“அவரா? அவரும் இப்படித்தாங்க. இடுப்பு வலி, அப்புறம் காலு வரல. சூடுன்னு...” அதோடு அண்ணி நிறுத்திவிட்டாள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அப்பாவுக்கு இருந்து, ஒரு பிள்ளைக்கும் வந்திருந்தால், மற்ற பிள்ளைகளுக்கு வருகிற வாய்ப்பு சாதாரண ஆள்களை விட அதிகம். நாற்பத்தைந்து வயதிலிருந்தே வருடத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். தொந்தரவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ஒன்றும் தெரியாதபோதே பார்க்க வேண்டும். சுரப்பிக்குள்ளேயே இருக்கும்போது பிடித்துவிட்டால் ஆளைக் காப்பாற்றிவிடலாம்.

படார் என்று ஒரு சத்தம். அண்ணி தன் கன்னத்திலேயே அறைந்துகொண்டாள். “மாமனாரு கால்ல நாந்தாங்க சுண்ணாம்பு வச்சேன். இவரு கால்லயும் நாந்தான் வச்சேன்” என்று சொல்லிச் சொல்லி மாற்றி மாற்றி அறைந்துகொண்டாள். நானும் ஒரு ஆயாம்மாவும் சேர்ந்துதான் அந்தக் கையைப் பிடித்து நிறுத்த முடிந்தது.

பெரியண்ணன் செத்தது நல்ல சாவு இல்லை. வலியில் தலையைச் சுவரில் மோதுவார். பிடிக்கப் போன அண்ணியின் முழங்கையைக் கடித்துவிட்டார் ஒரு நாள். பல் பதிந்து ரத்தம் வந்தது. அவள் கையை எடுக்கவே இல்லை, அவர் விடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“சட்டையப் போடு. ரத்தம் குடுக்கணும்.”

“நாப்பத்தஞ்சுன்னுதானே அண்ணி சொன்னாங்க. எனக்கு நாப்பத்துநாலுதானே ஆவுது?”

“ஒரு வருசம் முன்னாடி போனா தேஞ்சா போயிடுவ?” என்று கையை ஓங்கினாள். எனக்கு வீரமெல்லாம் கிடையாது. ஊசிக்குப் பயந்தேனா அண்ணிக்குப் பயந்தேனா என்றால் அண்ணிக்குத்தான். சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். எனக்கு ஒன்றுமில்லை என்று வந்தது.

நடு அண்ணன் என்னைப் போல இல்லை. ஐம்பதைத் தாண்டியவர், ஆள் ஆறடி, சூளைக் கதவை ஒற்றை ஆளாக இழுத்துச் சாத்துவார். “எனக்கென்னா? மாடு மாதிரி இருக்கேன்” என்றார். உண்மையில் அவருக்கு ஊசி பயமில்லை. ரத்தம் எடுத்தால் நோய் என்பார்கள், நோய் என்றால் அறுத்துவிடுவார்கள் என்ற பயம். பெரியண்ணனின் கத்தலை அவரும்தானே கேட்டார். “ரத்தத்துல ஆரம்பிச்சுக் கடைசியில அங்கதான் கை வைப்பானுங்க. அதுக்கு நான் ஆம்பளையாவே செத்துப் போறேன்” என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்களும் தலையை ஆட்டினார்கள்.

இது அண்ணி காதுக்குப் போனது. நேராகச் சூளை வாசலுக்குப் போய், வேலை விட்டு வந்த அத்தனை பேர் முன்னாலும் செருப்பைக் கழற்றி வீசினாள். அது அவர் மார்பில் பட்டு விழுந்தது.

“யோவ்! உங்கண்ணனுக்கு முத்திப்போனதாலதான்யா அறுத்தாங்க! முன்னாடியே போயிருந்தா எதுக்குய்யா அறுக்கப் போறாங்க? ஒண்ணும் இல்லாதப்பவே பாக்கணுமாம். வந்தப்புறம் பாக்கறதுக்குப் பேரு வைத்தியமில்ல, பாடை கட்டறது!”

கூலிக்காரர்கள் முன்னால் செருப்படி. நடு அண்ணன் அவள் கூந்தலைப் பிடித்து வாசல் கேட்டில் மோதப் போனார். நாங்கள் நான்கைந்து பேர் பாய்ந்து பிரித்தோம். அதோடு பேச்சுவார்த்தை அறுந்தது. நடு அண்ணனின் பெண்சாதி வாயில்லாப் பூச்சி. ரகசியமாக அண்ணியிடம் வந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அக்கா, வுட்டுடாதீங்க. நீங்க வுட்டா அவரை யாரும் இழுத்துக்கிட்டுப் போவ முடியாது.”

எங்கள் பக்கத்தில் போலீஸுக்குப் பயப்படாதவன் உண்டு. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்குப் பயப்படாதவன் கிடையாது. பொருள் திருட்டுப் போனவன், ஏமாந்தவன், அடிபட்டவன் எல்லோரும் அங்கே போய்த் தன் குறையை எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருவார்கள். அதற்குப் பிராது கட்டுவது என்று பேர். மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்துவிடும். குற்றவாளிக்கு என்னவாகும் என்று ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். பிராது கட்டினவரே வந்து திரும்பப் பெற்றால்தான் விமோசனம்.

அண்ணி போய்ப் பிராது கட்டிவிட்டாள். அங்கே எழுதிக்கொடுப்பவர் என்ன குறை என்று கேட்டிருக்கிறார். “களவுங்க. என் புருசன் தம்பி அவரு உசிரை எங்ககிட்டேருந்து களவாடப் பாக்கறாரு. ரத்தம் குடுக்க மாட்டங்கறாரு. சாமி கேக்கணும்” என்று சொல்லியிருக்கிறாள். இப்படி ஒரு பிராதை அவர் எழுதியதே இல்லையாம். யோசித்துவிட்டு எழுதிக்கொடுத்தாராம்.

நடு அண்ணனுக்குச் செய்தி தெரிந்த அன்று மத்தியானம் நான் அண்ணி வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் சூளையிலிருந்து அப்படியே வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

“எம்மேலயே பிராது கட்டிட்டியா? போ. இப்பவே போயி எடு.”

“ரத்தம் குடு, எடுக்கறேன்.”

“எடுப்பியா மாட்டியாடி?”

“மாட்டேன்.”

அவர் அவளுடைய இடது கையைப் பிடித்து முறுக்கினார். விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. நான் எச்சில் கையோடு எழுந்து அவர் கழுத்தைப் பிடித்தேன், ஒரு உதறலில் என்னைச் சுவரோரம் தள்ளிவிட்டார். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு, வாசலில் காய வைத்திருந்த சின்ன பிளாஸ்டர் அச்சு ஒன்றை வலது கையால் எடுத்து அவர் நெற்றியில் இறக்கினாள். அச்சு இரண்டாகப் போனது. ரத்தம் புருவத்தில் வழிந்து, மார்பில் வழிந்து, தரையில் சொட்டியது. நடு அண்ணன் நின்றபடியே ஆடினார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். நடுவில் நான், இந்தப் பக்கம் கை, அந்தப் பக்கம் மண்டை.

“அடிதடியா?” என்று கேட்டார் டூட்டி டாக்டர்.

“இல்லீங்க, வழுக்கி வுழுந்துட்டோம்” என்றாள் அண்ணி.

“ரெண்டு பேருமா?”

“ரெண்டு பேரும்தாங்க. ஒரே எடம்.”

டாக்டர் சிரிக்காமல் தையல் போட ஆரம்பித்தார். அண்ணியின் கை தொட்டிலில் தொங்குவது போலத் துண்டில் தொங்கியது, முகம் வெளுத்திருந்தது. ஆனால் கண் முழுக்க நடு அண்ணன் மேல்தான். “ஏங்க டாக்டரு, ரத்தம் சும்மா கீழதானே போவுது. அதுல கொஞ்சம் புட்டியில புடிச்சுக் குடுங்களேன்” என்றாள்.

விஷயத்தை நான் சொன்னேன். அந்தப் பரிசோதனை இங்கே கிடையாது, நரம்பில் முறையாக எடுத்து வெளியே லேபுக்குத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் அவர் சம்மதித்தால்தான் என்றார் டாக்டர். எல்லோரும் நடு அண்ணனைப் பார்த்தோம். அவர் அண்ணியின் தொங்குகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிராது கட்டி ஒரு வாரம் ஆவதற்குள் மண்டை பிளந்துவிட்டது. சாமி விசாரணையை ஆரம்பித்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“நான் கையை நீட்டிட்டா கோயில்ல எடுத்துருவியா?” என்று கேட்டார்.

“முடிவு வந்த அன்னிக்கே எடுத்துருவேன்.”

“சத்தியமா?”

“ஒடஞ்ச கை மேல சத்தியம்.”

“எடுத்துத் தொலைங்க” என்று கையை நீட்டினார். நான் எதிரே இருந்த லேபுக்கு ஓடினேன்.

ரத்தத்தில் பார்க்கிற அளவு இருக்க வேண்டியதை விடக் கூடுதலாக இருந்தது. பாண்டிச்சேரியில் பின்வழியாக விரல் விட்டுச் சோதித்தபோது டாக்டரை எட்டி உதைத்துவிட்டார், மன்னிப்புக் கேட்டது நான்தான். சதை எடுத்துப் பார்த்தார்கள், புற்றுநோய்தான். எலும்பையெல்லாம் படம் எடுத்துப் பார்த்ததில் எங்கேயும் போகவில்லை, சுரப்பிக்குள்ளேயே இருந்தது. அந்தச் சுரப்பியை மட்டும் அறுவை செய்து எடுத்தார்கள். அவர் பயந்த இடத்தில் யாரும் கை வைக்கவில்லை. ரத்த முடிவு வந்த அன்றைக்கே அண்ணி மாவுக்கட்டோடு போய்ப் பிராதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வந்திருந்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. அறுவைக்குப் பிறகு நடு அண்ணனுக்கு நீர் அடக்க முடியவில்லை. இருமினால் போகும், குனிந்தால் போகும். போகப்போகச் சரியாகும் என்றார்கள். படுக்கை சம்பந்தமான இன்னொரு விஷயம் சரியாகாமலே போகலாம் என்று அவருக்கு மட்டும் சொல்லியிருந்தார்கள். லுங்கிக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டு திரிந்தார். டீக்கடையில் எவனோ மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

அன்றைக்குக் கடப்பாரையோடு வந்தார். அண்ணி வாசலில் பலகை போட்டுப் பொம்மைகளைக் காய வைத்திருந்தாள். சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மைகள். ஒரே வீச்சில் ஒரு பலகை காலி. தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். அடுத்த பலகை, அதற்கடுத்தது. தெரு கூடிவிட்டது, ஒருத்தரும் கிட்டே வரவில்லை. எனக்கும் பயம்தான்.

“பாவி! என்னைய ஆம்பளையே இல்லாம பண்ணிட்டியேடி! அண்ணனாட்டம் செத்துத் தொலைஞ்சிருப்பேனே! யாருடி ஒன்னைக் கேட்டா?”

கடப்பாரையை அவள் தலைக்கு மேல் ஓங்கினார். அண்ணி நகரவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவள் கை முந்தவில்லை.

“கத்துங்க” என்றாள். “நல்லா கத்துங்க. உங்கண்ணனுக்குக் கடைசியில தண்ணி கேக்கக் கூடக் கொரலு வரல. உதட்டைப் பாத்துத்தான் ஊத்துனேன். இந்த வூட்டு ஆம்பள கொரலு இம்மாஞ் சத்தமா கேட்டு எத்தினி நாளாச்சு? கத்துங்க, கேக்கறேன்.”

ஓங்கிய கடப்பாரை பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. தொட்டி பிளந்து தண்ணீர் வாசலெல்லாம் ஓடியது. அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து நடு அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அண்ணி அவர் பக்கத்தில் குனிந்து உடைந்த பொம்மைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். என்னைப் பார்த்து, “என்னாடா மரமாட்டம் நிக்கிற? வாளியக் கொண்டா. சுடாத மண்ணுதானே, கரைச்சு ஊத்திக்கலாம்” என்றாள்.

சில மாதத்தில் நீர் ஒழுகுவது நின்றது. நடு அண்ணன் சூளைக்குத் திரும்பினார். அண்ணியோடு பேசவில்லை. எதிரே வந்தால் காறித் துப்பிவிட்டுப் போவார். அவள் அதற்கும் சந்தோஷப்படுவாள். “பாத்தியாடா, என்னா தெம்பு!” என்பாள். இடது மணிக்கட்டு கோணலாகவே கூடியிருந்தது, குடம் தூக்க ஆகாது. ஆனால் வருடா வருடம் அதே கையால் என் கதவைத் தட்டி லேபுக்கு இழுத்துக்கொண்டு போவாள். நடு அண்ணன் தானாகவே போய்ப் பார்த்துக்கொண்டு வந்துவிடுவார் என்று அவர் பெண்சாதி மூலமாகத் தெரிந்துகொள்வாள்.

ஒரு நாள் விடியற்காலை, குழாயடியில் வரிசைக்குச் சண்டை போட்டுவிட்டு வந்தவள் மார் வலிக்கிறது என்று சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்த அவள் மகள் வந்து விழுந்து அழுதாள். நடு அண்ணனின் பெண்சாதி மயங்கி விழுந்தாள். நான் சாமியானாவுக்குச் சொன்னேன், பந்தல்காரனோடு பேசினேன், வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். எனக்குக் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. என்ன ஜென்மமோ என்று எனக்கே வெறுப்பாக இருந்தது.

ஆண் பிள்ளை இல்லாததால் யார் கொள்ளி வைப்பது என்று பேச்சு வந்தது. ஒருத்தரையும் கேட்காமல் நடு அண்ணன் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்து நின்றார். மணிமுத்தாற்றங்கரையில் எரித்துவிட்டு, பம்புசெட்டில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் நின்று என்னைப் பார்த்தார்.

“இந்த வருசம் ரத்தம் குடுத்தியாடா?”

“இன்னும் இல்லண்ணே. இந்தக் காரியமெல்லாம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்...”

பளார் என்று விழுந்தது. காது அடைத்துப் போயிற்று. முன்னால் போன சொந்தக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அவ பூட்டா, இனிமே கேக்க ஆளில்லன்னு நெனச்சியாடா நாயே?” என்றார் நடு அண்ணன். குரல் உடைந்து கரகரவென்று வந்தது. மறுபடி கையை ஓங்கினார்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.